ஆயிரத்துக்குப் பதின்மூன்று நாள்

சரதூராவில் உள்ள எங்கள் எரிசோடா ஆலையில் வெதூரியா ப்ரேடாவுக்குப் பாதுகாப்புப் பொறியாளர் வேலை. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. நானும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தோம், நான் பரிசோதனைக் கூடத்தில். என் பெயர் ஸ்மராந்தா.

ஆலைக்குள் அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர். எந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் திறந்தாலும் அதன் மின்சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டைத் தொங்கவிட்டு, உள்ளே கையை விடப் போகிறவன் பையிலேயே சாவியைப் போடவைப்பாள். கையெழுத்தில்லாத அனுமதிச் சீட்டைப் பார்த்தால் பாதி வேலையில் ஆளை வெளியே கூப்பிடுவாள். அவள் வருவது தெரிந்தால் கிடங்குப் பூனைக்கும் ஹெல்மெட் மாட்டிவிடச் சொல்லி பம்பு அறையில் கேலி நடக்கும். அது அவள் காதிலும் விழும். பூனையின் தலை என்ன அளவு என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவாள்.

நான் சொல்லப்போவது நடப்பதற்கு மூன்று வருடம் முன்பு அவள் புக்கரெஸ்டுக்கு ஒரு பயிற்சிக்குப் போய் வந்தாள். வந்ததும் டைரக்டர் ஷெர்பானிடம் ஒரு யோசனை சொன்னாள். ஆலை வாயிலில் ஒரு பெரிய பலகை, அதில் விபத்தில்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கை. வாயிற்காவலர் தினமும் காலையில் ஒன்று கூட்டி வைக்க வேண்டும். ஒரு விபத்து நடந்தாலும் மறுபடி பூஜ்யம். ஆயிரம் நாள் ஆனால் எல்லோருக்கும் ஒரு பரிசு. டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. முதலாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள், அவர்களுக்கு இன்னும் பிடித்தது. ஆயிரமாவது நாள் வந்தால், வேலை செய்கிறவர்களைக் குடும்பத்தோடு மங்காலியாக் கடற்கரைக்கு மூன்று நாள் கூட்டிப்போவதாக அறிவித்தார்கள்.

எண்ணூறைத் தாண்டும் வரை யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கே அந்தப் பலகைதான் பேச்சு. சந்தைக் கடையில் குளியல் உடுப்புகள் தீர்ந்துபோயின. என் சின்ன மகள் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சூப் குடித்தாள். கடலைப் பார்க்காதவர்கள் இங்கே நிறையப் பேர்.

அது ஜூன் மாதம். திங்கட்கிழமைகளில் வெதூரியா அவசர ஷவர்களைச் சோதிப்பாள். உடம்பில் எரிசோடாவோ அமிலமோ பட்டவர்கள் ஓடிப்போய் நின்று சங்கிலியை இழுத்தால் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும் ஷவர்கள் அவை. ஆலையில் மொத்தம் இருபத்திரண்டு. ஒரு வாரம் குழாயில் தேங்கிய தண்ணீர் முதலில் துருவேறிச் செம்மண் நிறத்தில் வரும். அரை நிமிடம் போனால்தான் தெளியும். அந்தத் திங்களன்று எரிசோடாப் பம்புகளுக்குப் பக்கத்தில் இருந்த ஷவரில் மட்டும் எடுத்த எடுப்பிலேயே தெளிந்த தண்ணீர் வந்தது. ஓரிரு நாளுக்குள் யாரோ அதைத் திறந்திருக்க வேண்டும்.

அவள் அதை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு பம்பு அறையில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெயிலுக்கு யாராவது தலையை நனைத்திருப்பார்கள் என்று ஷிப்டு மேஸ்திரி பாம்ஃபில் சொன்னான்.

அங்கிருந்து அவள் என்னிடம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நான்தான் இருந்தேன். எரிசோடா சாம்பிளைப் பம்பு அறைக் கவ்ரில் வழக்கமாகப் பதினோரு மணிக்குக் கொண்டுவருவார். ஐம்பத்தாறு வயது, வீட்டில் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவர். பாட்டிலை வைத்துவிட்டுத் தேனீக்களைப் பற்றிக் கால் மணி நேரமாவது பேசாமல் போகமாட்டார். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அரை மணி தாமதமாகப் பாம்ஃபிலே பாட்டிலோடு வந்தான். சட்டைக் கை இரண்டும் நனைந்திருந்தன. நான் ஏதும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"நேத்து பதினோரு மணி சாம்பிளை யார் கொண்டுவந்தா, ஸ்மராந்தா?" என்று வெதூரியா கேட்டாள்.

நான் கையிலிருந்த பாட்டிலைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. ஜன்னலோரத்தில் காய்ந்துகொண்டிருந்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் பாம்ஃபிலின் பெயரைச் சொன்னேன். எப்போதும் எதையாவது குறித்துக்கொள்கிறவள், அன்று நோட்டைத் திறக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கவ்ரிலுக்கு அன்று விடுமுறை. வெதூரியா தன் பழைய டாச்சியாக் காரில் அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவளும் கவ்ரிலின் மனைவி அக்லயாவும் தனித்தனியே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கதையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

முற்றத்தில் செர்ரி மரத்தடியில் ஒரு சுண்ணாம்பு வாளி. மரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். கவ்ரில் சமையலறையில், எரிச்சல் தணியத் தயிர் ஊற்றிய தொட்டியில் இடது காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பூட்ஸுக்குள் தெறித்துவிட்டது என்று அக்லயா கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

வெதூரியா தரையில் உட்கார்ந்து அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பாதத்தின் மேல்பக்கமும் விரல்களும் பழுப்பேறி, ஊறிய சோப்பு மாதிரி மெத்தென்று இருந்தன.

"வலிக்குதா, கவ்ரில் அண்ணே?"

"அதான் இன்ஜினியரம்மா, வலியே இல்ல. நேத்து எரிஞ்சுது. இன்னிக்கு சுத்தமா ஒண்ணுமில்ல. சரியாயிட்டு வருது."

வலி நின்றுபோனதுதான் அவளைப் பயமுறுத்தியது. எரிசோடா தோலோடு நிற்காது, அடிவரை இறங்கும். உணர்ச்சி நரம்பு வெந்துபோனால் வலிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அதை அவர்களிடம் விளக்கவில்லை. எழுந்து காரைத் திறந்துவைத்து, வாங்க போகலாம் என்றாள்.

அக்லயா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நாலு தெருவும் எங்களைத்தான் திட்டும். பதினஞ்சு நாள் கழிச்சுக் கூட்டிட்டுப் போங்களேன், அம்மா."

கவ்ரிலே அவளை விலகச் சொன்னார். கால் மோசம் என்று அதற்குள் அவருக்கும் தெரிந்துபோயிருக்க வேண்டும்.

மாவட்ட மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டர். வழியெல்லாம் அவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். சாம்பிள் எடுக்கிற வால்வு மாசக்கணக்காக இறுகிப்போயிருந்தது. எல்லோரும் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டித்தான் திறப்பார்கள். ஞாயிறன்று தட்டியதும் எரிசோடா பீய்ச்சியடித்துப் பூட்ஸ் நிறைந்துவிட்டது. பாம்ஃபில் அவரை ஷவருக்குக் கீழே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்று இருவருக்கும் உடனே தோன்றவில்லை. மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அது கால்மணி நேரம் வேலை செய்திருக்கிறது. வால்வு இறுகியிருப்பதை ஏன் யாரும் எழுதித் தரவில்லை என்று அவள் கேட்டாளாம். எழுதித் தந்தால் அதுவும் கணக்கில் ஏறி நாள் போய்விடும் என்று நினைத்தோம் என்றார்.

ஒன்பது மாதமாக அவள் மேசைக்கு ஒரு குறைச் சீட்டுகூட வந்திருக்கவில்லை. அதை அவள் ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

அன்று சாயங்காலமே டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. கவ்ரிலின் சிகிச்சைக்கு என்ன வேண்டுமானாலும் ஆலை செய்யும் என்றார். சுண்ணாம்பு என்று மட்டும் எழுதிவிட்டால் போதும்.

"மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காத வீடு இந்த ஊர்ல உண்டா? யார் சந்தேகப்படப் போறாங்க?"

"நான் படறேன், டைரக்டர் சார்."

தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டு மாறும் நேரத்தில் பலகையில் 987 என்று இருந்தது. வெதூரியா ஏணியைத் தானே தூக்கிவந்து சார்த்தி ஏறி, மூன்று எண்களையும் கழற்றிவிட்டு ஒற்றைப் பூஜ்யத்தை மாட்டினாள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக நூறு பேர் நின்று பார்த்தோம். ஏணியைப் பிடிக்க யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

கீழே இறங்கியதும் பாம்ஃபில் எதிரே வந்தான். "ஆயிரத்துக்குப் பதிமூணு நாள்தான் இருந்துச்சு, இன்ஜினியரம்மா. பதிமூணு நாள் கண்ணை மூடிக்கிட்டிருக்கக் கூடாதா?"

"பதிமூணு நாள்ல அவர் காலையே எடுத்திருப்பாங்க, பாம்ஃபில்."

அவன் முகம் வெளுத்தது. கவ்ரிலைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தானே. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கவ்ரிலுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு விரல் போனது, பாதம் தப்பியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஊர் சமாதானமாகவில்லை. ரொட்டிக் கடையில் வெதூரியா வரிசையில் நின்றால் பேச்சு நின்றுபோகும். ஒருநாள் அவள் அலுவலகக் கதவில் யாரோ வாத்துத் தலை வைத்த நீச்சல் வளையம் ஒன்றைக் காற்று நிரப்பித் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் காற்றை இறக்கி மடித்து, தொலைந்த பொருட்கள் அலமாரியில் வைத்து, சீட்டும் எழுதி ஒட்டினாள். அதைக் கேள்விப்பட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

அவள் கணவன் லிவியுவும் இதே ஆலையில் மின்பிரிவுக்காரன். மதியச் சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நீ செய்ததுதான் சரி, ஆனால் ஒரு வாரத்துக்கு அதை என் வாயால் சொல்லச் சொல்லாதே என்று வீட்டில் அவளிடம் சொன்னானாம்.

யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது என்று ஆளாளுக்கு ஒரு ஊகம். பம்பு அறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவனைச் சந்தேகித்து இரண்டு மாதம் அவனோடு யாரும் பேசவில்லை. யாரும் சொல்லவில்லை, ஷவர் தண்ணீர்தான் சொன்னது என்று வெதூரியா திரும்பத் திரும்பச் சொன்னாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நான். அப்போது வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வருடம் கவ்ரிலிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் தேனீப் பெட்டியை மூடிவைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பாட்டில் தேன் எடுத்துவந்து கையில் கொடுத்தார். அக்லயா இன்றுவரை வெதூரியாவுக்கு வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கலாம் என்றார் டைரக்டர். வெதூரியா பலகையையே எடுக்க வேண்டும் என்றாள். அவர் மறுத்ததும் முதலாளிகளுக்கு நேரே கடிதம் எழுதினாள். பலகை என்னுடைய யோசனை, அது தவறான யோசனை, ஆட்கள் காயத்தை மறைக்க நானே காரணம் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். பலகை இறங்கியது. அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொரு ஆலைக்காரருக்குப் போனது.

அதன்பின் அவள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். பலகை இருந்த மூன்று வருடத்தில் மறைக்கப்பட்டதெல்லாம் தெரியவேண்டும் என்று வீடு வீடாகப் போனாள். யாருக்கும் தண்டனை கிடையாது, பெயர்கூட வேண்டாம், எந்த இடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டாள். முதலில் கதவு திறக்கவில்லை. பிறகு பாம்ஃபிலே ஒருநாள் அவள் அறைக்கு வந்து நான்கு சம்பவம் சொன்னான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒடிந்த விரல், கண்ணில் தெறித்த அமிலம், ஏணியிலிருந்து விழுந்தது என்று செப்டம்பருக்குள் பதின்மூன்று சேர்ந்தன.

ஒரு ஞாயிறு மத்தியானம் சமையலறை மேசையில் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்து அவள் ஆலையின் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மக்காச்சோளக் களியைக் கிண்டிக்கொண்டிருந்த லிவியு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மின்மாற்றி அறையின் மேல் விரலை வைத்தான்.

"இங்க ஒண்ணு போடு, வெதா."

"யாரு?"

"நான்தான். போன வருஷம் பிப்ரவரில ஷாக் அடிச்சுது. அஞ்சு நிமிஷம் நினைவில்லாம கிடந்தேனாம். பசங்க தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் பலகையாச்சே."

இதை என்னிடம் சொல்லும்போது வெதூரியா அழவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவன் எழாமல் போயிருந்தால் எனக்கு அந்தப் பலகைதான் மிச்சமாகியிருக்கும் என்றாள். மறுநாளே அவனை இதய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பாமல் இன்னொருவரிடமும் காட்டினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்தாள். எது கோளாறாக இருந்தாலும் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். முதல் சீட்டில், நீயே கடலுக்குப் போய் விழு என்று இருந்தது. இரண்டாவது, நான்காம் பம்பின் படிக்கட்டு ஆடுகிறது என்று. மறுநாளே படிக்கட்டைப் பற்றவைத்துச் சரிசெய்தார்கள். சரிசெய்தாயிற்று என்று எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினாள். பக்கத்திலேயே முதல் சீட்டையும் ஒட்டி, விடுமுறை விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அந்த வாரம் பதினொரு சீட்டு விழுந்தது.

இப்போது வருடத்துக்கு இருநூறுக்கு மேல் வருகின்றன. போன ஜனவரியில் மாவட்டத்திலிருந்து புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார். வெதூரியா கோப்புகளை மேசையில் அடுக்கினாள். அவர் புரட்டப் புரட்ட நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. பக்கத்து ஆலையில் வருடத்துக்கு மூன்று குறைதான், இந்த மாவட்டத்திலேயே மோசமான ஆலை உங்களுடையதுதான் என்றார். ஒரு சீட்டுகூட வராத அந்த ஒன்பது மாதம் வெதூரியாவுக்கு நினைவுக்கு வந்திருக்கும். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபிக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டாள்.