மிளகாய் பூசிய கை

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், ஒரு கண்மாயை ஒட்டியது எங்கள் ஊர். மடையருகே கூரையில்லாத காளி கோயில் ஒன்று உண்டு. அநியாயம் நேர்ந்தவர்கள் அங்கிருக்கும் அம்மியில் வற்றல் மிளகாயை அரைத்து, அம்மன் மேனியில் பூசி நீதி கேட்பார்கள். எரிச்சல் தாங்காமல் அவள் எழுந்து போய்க் கேட்பாள் என்பது நம்பிக்கை. பூசிய கையே பின்னர் நீரூற்றிக் கழுவ வேண்டும். வேறு கை கழுவினால் எரிச்சல் அடங்காது. ஐம்பது ஆண்டுகளாகச் சிவன் சந்நிதியில் பதிகம் பாடிவந்த நான், அந்த வழியே போகும்போது ஒரு கும்பிடு போடுவதோடு சரி.

எங்கள் ஒரே மகள் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். மாலையில் வந்திறங்கும்போது முடியெல்லாம் அலுமினியப் பொடி மின்னும். தீபாவளிச் சீசனில், ஆர்டர் அவசரம் என்று, ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்த அறைக்குள் அவளையும் போர்மேன் அனுப்பினார். அன்று முற்பகலில் அந்த அறை வெடித்தது. எங்களிடம் கொடுத்தது துணியில் கட்டிய ஒரு சிறு பொதி. முகம் பார்க்க விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மனைவி மிளகாயை முந்தியில் முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"இத்தன வருசமாப் பாடுனீக. உங்க சாமி பாட்டுல சொக்கிப்போய்க் கெடக்கு. இவ பாட்டெல்லாம் கேக்க மாட்டா, காரம் பட்டா எந்திரிப்பா. வாரீகளா, நான் மட்டும் போகட்டா?"

போனேன். அவள் அரைத்தாள். பூசப் போனவள் திரும்பி, விழுதை என் உள்ளங்கையில் வைத்தாள். உச்சி வெயிலில் கல் கொதித்தது. கன்னத்திலும் கழுத்திலும் பூசிக் கண்ணருகே வந்தபோது, கல்லின் இமை என் விரலுக்கடியில் துடித்தது. துடித்தது என் நாடிதான் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தப் போர்மேன் வீடு எரியட்டும் என்று வாய்விட்டுச் சொன்னது நான்தான், என் மனைவி அல்ல.

மறுநாள் காலை மகளின் சீப்பில் வெள்ளிநிறப் பொடி படிந்திருந்தது. துடைத்து வைத்தோம். அடுத்த நாளும் இருந்தது. மனைவி துடைப்பதை விட்டுவிட்டாள். சீப்பை எடுத்து முகர்ந்து, "வந்துட்டுப் போயிருக்கா," என்பாள். அச்சம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆசை வந்தது. பூசைக்கென்று விடியலில் எழுந்து பழகியவன், அந்தச் சீப்பைப் பார்க்கவென்று எழலானேன்.

ஒரு மாதம் கழித்துப் போர்மேனின் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, எம் மக மேலெல்லாம் எரியுதுன்னு கெடந்து துடிக்கா. மதுரையில காட்டியாச்சு, ஒண்ணுமில்லங்காக. எங்க வீட்டு ஆளு செஞ்சது தப்புத்தான். அந்தப் பிள்ள என்ன செஞ்சா? நீங்க காளிக்கு மொளகா பூசுனதா ஊரெல்லாம் பேசுறாக. கழுவி விட்டுருங்க."

"எம் பிள்ள மட்டும் என்ன செஞ்சாளாம்? அதச் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க," என்று உள்ளிருந்து என் மனைவி கேட்டாள்.

வந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள். அவள் தெரு முனை தாண்டியதும் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழுவிராதீக. காரம் இருக்கிறவரைக்குந்தான் காளி முழிச்சிருப்பா. அவ முழிச்சிருக்கிறவரைக்குந்தான் நம்ம பிள்ள வருவா."

அப்படி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆனாலும் இருவரும் நம்பினோம். மூன்று நாள் நான் கோயில் பக்கம் போகவில்லை. மூன்று நாள் காலையிலும் சீப்பில் பொடி இருந்தது. நான்காம் நாள் சிவன் சந்நிதியில் பாட வாய் திறந்தேன். 'அருள்' என்ற சொல்லில் குரல் நின்றுவிட்டது. யாரோ பெற்ற பெண் எரிந்துகொண்டிருக்க, நான் என் பெண்ணை நாள்தோறும் வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேரே கண்மாய்க்குப் போனேன். அம்மன் மேல் ஏழு குடம் ஊற்றினேன். காய்ந்திருந்த விழுது சிவந்து கரைந்து என் பாதத்தில் ஓடியது. மகளிடம் 'போ' என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயில் வந்தது, "போயிட்டு வாம்மா."

மறுநாள் சீப்பு வெறும் சீப்பாக இருந்தது. போர்மேன் மகளுக்கு எரிச்சல் தணிந்ததாகச் சொன்னார்கள். கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எட்டு நாள் மனைவி என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கன காளி முன்னால நின்னு என்ன கேட்டீக?"

"எப்பவும் கேக்கறதுதான். இனிப் பொறப்பே வேண்டாம்னு."

"சாமிப் பாட்டுப் பாடுற வாயில பொய்யப் பாரு."

சோற்றைப் பிசைந்தேன். "ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மறுபடியும் அவளுக்கு அப்பனாப் பொறக்க."

அவள் குழம்பை ஊற்றினாள். கரண்டி தட்டில் இடித்தது.

"எனக்கும் சேத்துக் கேட்டீகளா?"

சேர்த்துத்தான் கேட்டிருந்தேன்.