நீல முதுகு

யார் எந்த அட்டையை நீட்டினாலும் லைல் ஓஸ்டர்மன் முதலில் அதைக் குப்புறக் கவிழ்க்கிறார். மட்டையை ஓங்கி நிற்கும் பேஸ்பால் வீரரின் முகம் அவருக்கு அப்புறம்தான். "மூஞ்சி எல்லா அட்டைலயும் ஒண்ணுதான்யா. முதுகுலதான் சமாச்சாரமே இருக்கு" என்பார்.

அமெரிக்காவின் டேட்டன் நகரத்துத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஞாயிறுதோறும் பழைய அட்டைச் சந்தை. பாத்திரம் துலக்கும் சோப்பால் கை கழுவி உட்கார்ந்துவிட்டால், டோனட் பக்கம்கூடத் திரும்ப மாட்டார். செத்துப்போன அப்பாவின் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, மனக்கோட்டையோடு வருகிறவர்களிடம் "சாதா... சாதா... இதுவும் சாதா" என்று தள்ளிக்கொண்டே போவார். மனிதருக்கு இங்கிதம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஒரு எழுத்து தடித்திருந்தாலும், ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அவரிடமே அப்படி ஒன்று இருந்தது. ஐம்பதுகளில் ஒரு மிட்டாய்க் கம்பெனி மிட்டாயோடு சேர்த்துப் போட்ட அட்டைகளுக்கு முதுகில் சிவப்பு மை. அச்சகத்தில் சிவப்பு தீர்ந்துபோன ஒரு பொழுதில் மட்டும் நீலத்தில் ஓட்டிவிட்டார்கள்; அரிதாகக் கிடைப்பதால் அதற்கு எக்கச்சக்க விலை. அந்த நீல முதுகை அவர் அடைகாத்த அழகைப் பார்த்து, "யோவ் லைல், குழிக்குள்ளயும் கொண்டுபோகப் போறியா?" என்று பக்கத்து மேசை டக் பிலார்ஸ்கி சீண்டாத வாரம் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் அவரே விற்கிறேன் என்றார். மனைவி வெர்னாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது. காப்பகத்தில் விடச் சொன்னார் மருத்துவர். வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால் பகலுக்கு ஒரு தாதி வேண்டும். அட்டை விலை போனால்தான் தாதி வருவாள்.

வாங்குகிறவர் வரும் நாளன்று அட்டையை உறையிலிருந்து எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, லைல் வாசலுக்குப் போய் வழி பார்த்தார். வெர்னா காலமெல்லாம் திரைச்சீலை தைத்தவள். பிசிறு கண்டால் கை சும்மா இருக்காது. அவர் திரும்பி வருவதற்குள் நாலு ஓரத்தையும் கத்தரியால் நேராக்கியிருந்தாள்.

அட்டை மடங்கலாம், கறை படலாம், அதற்கும் ஒரு விலை உண்டு. கத்தரி பட்ட அட்டையை யாரும் தொட மாட்டார்கள். வந்தவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார்; தொப்பியை எடுத்துக்கொண்டார். அவர் கார் கிளம்பியதும் லைல் காப்பகத்துக்கு போன் செய்து வெர்னாவின் பெயரைப் பதிந்தார். பெயரை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

வெர்னாவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எவ்ளோ பிசிறு பாத்தியா லைல்? உனக்குப் பிடிக்குமேன்னு நேர் பண்ணிட்டேன்."

"நேர்த்தியா இருக்கு, வெர்னா."

"இன்னும் இருக்கா?" அவள் கையை நீட்டினாள்.

லைல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் அட்டைப் பெட்டியை இழுத்து, கைக்கு வந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். கத்தரி கோணாமல் போக, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார்.