பின்னாடி தட்ட ஆள் இல்லாத டெஸ்ட்

டிரைவர் வேலைக்கு கை, கால், கண்ணு எல்லாம் வேணும்னு சொல்லுவாங்க. அதெல்லாம் அப்புறம், மொதல்ல வேணுங்கறது சந்தேகம். எதுருல வர்றவன் இண்டிகேட்டர் போட்டுட்டு நேரா போவானா? டீசல் போடறவன் மீட்டர ஒழுங்கா வச்சானா? நாம டீ குடிக்கப் போன கேப்புல எவனாச்சும் தார்ப்பாய அவுத்தானா? ஸ்டியரிங் புடிச்ச அத்தன பேருக்கும் இந்த வியாதி கீது. எனக்கு இல்லன்னு சொல்ற டிரைவர நான் நம்ப மாட்டேன்.

என் பேரு கோதண்டம். உத்திரமேரூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல பதினஞ்சு வருசம் நெல்லு லாரி ஓட்டினவன். மில்லுக்காரரு லாரிய வித்துட்டாரு. நாலு மாசம் வூட்டுல குந்திக்கினு இருந்தேன். நாப்பத்தாறு வயசுல எவன் கூப்ட்டு வேலை குடுப்பான்? அப்பதான் ஒரு பள்ளிக்கூடத்துல மஞ்ச பஸ் ஓட்ட ஆள் தேடறாங்கன்னு சேதி வந்துச்சு. பள்ளிக்கூடத்து பேரு வேணாம், வம்பு. என்கிட்ட இருந்தது லோடு வண்டி லைசென்ஸ். ஆள் ஏத்தற வண்டிக்கு தனியா டெஸ்ட் குடுத்து வாங்கணும். "ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள லைசென்ஸோட வா, இல்லன்னா வேற ஆள் போட்டுடுவேன்"னு மேனேஜரு சொல்லிட்டாரு. கைல இருந்தது ஒரு மாசம். பயமாத்தான் இருந்துச்சு. நம்ம பேஜாரு நமக்குத்தானே தெரியும், கேளுங்க.

ஒண்ணும் இல்ல, சுலபம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரு வாயத் தொறந்தா "ஒண்ணும் இல்ல கோதண்டம், சுலபம்" அப்படீம்பாரு. எனக்கு அங்கயே பொறி தட்டிச்சு. "ரோடு நல்லாத்தான் கீது, தாராளமா போ"ன்னு எவனெவன் சொன்னானோ, அந்த ரோட்லதான் என் லாரி அச்சு வரைக்கும் சேத்துல எறங்கி கீது. அதனால மூணு நாள் அவர கேள்வியா கேட்டேன். போன மாசம் எத்தினி பேரு பெயிலு? ஏன் பெயிலு? பெயிலானவங்க இப்ப இன்னா பண்றாங்க? அவரு பதில் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு கேள்வி வந்துச்சு.

நாலாவது நாள் பழகற பஸ்ஸ காட்டினாரு. நான் ஏறல. வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு வண்டிக்கு அடியில பூந்தேன். வீல் நட்டு ஒவ்வொண்ணா திருகிப் பாத்தேன், பிரேக் ஆயில் கசியுதான்னு வெரலால தொட்டுப் பாத்தேன். பின்னாடி ஆறு பேரு அவங்க முறைக்காக வெயில்ல நிக்கறாங்க. வெளிய வந்து, டயர்ல ஒண்ணு மொழுக்கையா கீதுன்னு சொன்னேன். மாஸ்டரு நெத்தி வேர்வைய வழிச்சுப் போட்டுட்டு கேட்டாரு: "யோவ், நீ வண்டி ஓட்டிப் பழக வந்தியா, இல்ல வண்டிய வெலைக்கு வாங்க வந்தியா?"

கண்ணு டாக்டர் பெஞ்சுல

கண்ணு நல்லாக் கீதுன்னு டாக்டர் கிட்ட சர்டிபிகேட் வாங்கணும். எனக்கு முன்னாடி போன ஆளு செவுத்துல மாட்டின எழுத்த மட மடன்னு படிச்சான். பெரிசுலேந்து பொடிசு வரைக்கும் ஒரு எடத்துல நிக்கல. கண்ணால படிக்கற மனுசன் பொடி எழுத்துக்கு கொஞ்சமாச்சும் தெணறணுமா இல்லையா? பெஞ்சுல குந்திக்கினு அவன் வாய் முணுமுணுத்துக்கினே இருந்தத நான் பாத்துட்டேன். மனப்பாடம்! நாளைக்கு இவன் எந்த ரோட்ல என் எதுருல வருவானோ!

உள்ள போனதும் டாக்டர் கிட்ட சொல்லிட்டேன், போர்ட மாத்துங்க சார், ஊரே இத மனப்பாடம் பண்ணிக்கினு வருதுன்னு. அவரும் மாத்திட்டாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது, பெஞ்சுல அவன் பக்கத்துல குந்தி கேட்டுக் கேட்டு நானும் பழைய போர்ட பாடம் பண்ணி வச்சிருந்தேன்! புது போர்டுல கடைசி வரி மங்கலா தெரிஞ்சுது. கண்ண சுருக்கி, கழுத்த நீட்டி, மூச்சப் புடிச்சிப் பாத்தேன். "வண்டி ஓட்ட இது போதும்"னு எழுதிட்டே டாக்டர் சொன்னாரு: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அதுக்கு ஏன் என்னை முறைக்கிறீங்க?"

ஸ்டெல்லாம்மா கிட்ட வந்தாங்க

ஓட்டப் போற பஸ்ஸ பாத்துக்கினு வரலாம்னு பள்ளிக்கூடத்துக்கு போனேன். பசங்கள ஏத்தி எறக்கற அம்மா ஒருத்தங்க சீட்டு தொடச்சிக்கினு இருந்தாங்க. பேரு ஸ்டெல்லா. பதினோரு வருசமா அதே பஸ்ஸு. என்னைப் பாத்ததும் சட்டையில ஏதோ ஒட்டிக்கினு கீதுன்னு கிட்ட வந்தாங்க. ஒண்ணும் ஒட்டல. மறுநாள் போனப்ப, மணி இன்னா ஆச்சுன்னு கேட்டு மூஞ்சிக்கு நேரா வந்து நின்னாங்க. செவுத்துல கடிகாரம் இம்மாம் பெருசா தொங்குது.

மூணாவது நாள் எனக்கு கோவம் வந்துடுச்சு. "இன்னாம்மா வேணும் உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டேன். அவங்க அசரல. "ஊதுங்க"ன்னாங்க. அந்த பஸ்ஸுக்கு வந்த எல்லா டிரைவரையும் குடிச்சிருக்கானான்னு இப்படித்தான் மோந்து பாப்பாங்களாம். எனக்கு அவமானமா இருந்துச்சு. ஆனா மனசுக்குள்ள, அடேயப்பா நம்மள மாதிரி இன்னொரு ஆளு கீதுடான்னு ஒரு சந்தோசமும் வந்துச்சு. ஊதினேன். மோந்துட்டு, சிரிக்காம சொன்னாங்க: "இன்னிக்கு ஒண்ணும் இல்ல, சரி. நாளைக்கும் ஊதணும் அண்ணே."

தட்டற கை

இப்ப என் நெசமான ரோதனைக்கு வர்றேன். லாரி ஓட்டினவங்களுக்கு இது புரியும். நெல்லு லாரிய ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனரு பின்னாடி நின்னு பலகைய தட்டுவாரு. டொக் டொக்னு தட்டிக்கினே இருந்தா வா. ஓங்கி ஒரு தட்டு தட்டினா நில்லு. பதினஞ்சு வருசம் அந்தச் சத்தத்துலதான் என் கால் கிளட்ச்ச விட்டுச்சு. டெஸ்ட்ல நாலு கம்பத்துக்கு நடுவுல பஸ்ஸ பின்னாடி ஏத்தி நிறுத்தணும். தட்ட ஆள் கெடையாது.

ஏரிக்கரை ஓரம் காலி எடத்துல கம்பம் நட்டுப் பழகினேன். கண்ணாடியப் பாருன்னு மாஸ்டரு கத்தறாரு. கண்ணாடிய எப்படிங்க நம்பறது? அது காட்டறதத்தான் காட்டும், காட்டாதது அதுக்குப் பின்னாடி இல்ல கீது? கண்ணு கண்ணாடில, காது பின்னாடி. மூணு தரம் கம்பத்த சாச்சேன். மூணாவது கம்பம் ரெண்டா ஒடைஞ்சுது. மாஸ்டரு அந்தத் துண்ட கைல எடுத்துக்கினு வந்து சொன்னாரு: "பதினஞ்சு வருசமா ரிவர்ஸ் எடுத்தது நீ இல்ல, உன் கிளீனரு. லைசென்ஸ அவரு பேருக்கே குடுக்கச் சொல்லட்டுமா?"

செல்வம் வாங்கிக் குடுத்த டீ

என்கூட அதே டெஸ்ட்டுக்கு பழகினவன் செல்வம், தென்னேரிக்காரன், முப்பது வயசு இருக்கும். தெனம் எனக்கு டீ வாங்கிக் குடுப்பான். சும்மா எவனாச்சும் டீ வாங்கிக் குடுப்பானா? குடிக்கும்போதே கேப்பான்: எந்த ஸ்கூல்ணே? எந்த ரூட்டு? எப்ப சேரணும்? என் வேலைக்கு குறி வச்சிட்டான்னு முடிவே பண்ணிட்டேன். ரூட்ட மாத்திச் சொன்னேன், ஸ்கூல் பேர முழுங்கினேன்.

டெஸ்ட்டுக்கு மொத நாள் அவனே வந்தான். முறைக்கு காத்திருக்கறவங்க கம்பத்து பக்கத்துலதான் நிப்பாங்களாம். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் பின்னாடி நின்னு, யாருக்கும் தெரியாம பஸ்ஸ தட்டறேன்னான், அதே கிளீனரு கணக்கா. சரியா தட்டினா நான் பாஸு. ஒரு அடி தள்ளித் தட்டினா கம்பம் காலி, என் வேலை அவனுக்கு. டீ கிளாஸ எடுத்து மோந்து பாத்தேன். அவன் சிரிச்சிக்கினே சொன்னான்: "அண்ணே, நீங்க டீயக் கூட மோந்து பாத்துட்டுதான் குடிக்கிறீங்க, நான் தட்டினா மட்டும் நம்பிடுவீங்களா?"

டெஸ்ட் அன்னிக்கு

வியாழக்கெழம டெஸ்ட்டு, திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. கிரவுண்டுல வேப்பமரத்தடியில பாத்தா ஸ்டெல்லாம்மா நிக்கறாங்க, கைல மடக்கின கொடை! "லைசென்ஸ நேர் வழியில வாங்கறீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னாங்க. பஸ்ஸு புடிச்சு வந்திருக்காங்க, அதுக்காக! நான் பெயிலாவறத பாக்க வந்தாங்களோன்னு எனக்கு ஒரு நெனப்பு.

டெஸ்ட் எடுக்கற பிரேக் இன்ஸ்பெக்டரு பக்கத்துல குந்தினாரு. நேரா ஓட்டினது, கியரு, சிக்னலு எல்லாம் வெண்ணெ மாதிரி போச்சு. அப்பறம் ரிவர்ஸு. மெதுவா எடுத்தேன். பின்னாடி டொக் டொக் டொக். செல்வம்தான்! கால் தானா கிளட்ச்ச விடுது. டொக் டொக். அப்பறம் ஓங்கி ஒரு தட்டு. நிறுத்திட்டேன். நிறுத்தினதும் புத்தி கேக்குது: இன்னும் எடம் கீதோ? குறையா நிறுத்தி என்னை கவுக்கறானோ? எடுக்கவும் முடியல, சும்மா குந்தவும் முடியல. இன்ஜின அணைச்சேன், ஹேண்ட் பிரேக் போட்டேன், கதவத் தொறந்து எறங்கி பின்னாடி போனேன்.

பஸ்ஸு கம்பத்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ள, அளந்து வச்சாப்பல நிக்குது. செல்வம் தலையில கை வச்சிக்கினு நிக்கறான். நான் குனிஞ்சு சக்கரத்துக்கு அடியிலயும் பாத்துட்டு திரும்பி வந்து ஏறினேன். ஏன் எறங்கினேன்னு கேட்டாரு இன்ஸ்பெக்டரு. பின்னாடி இன்னா கீதுன்னு கண்ணால பாக்காம எனக்கு மனசு ஒப்பல சார்னு சொன்னேன். அவரு பேப்பர்ல எழுதிக்கினே சொன்னாரு: "பாத்தது நல்ல பழக்கம்தான். ஆனா டெஸ்ட் நடுவுல வண்டிய விட்டு எறங்கினா பெயில். ஏழு நாள் கழிச்சு வா."

கேட் கிட்ட

செல்வம் பாஸாயிட்டான். கேட் கிட்ட எனக்காக காத்துக்கினு நின்னான், கைல ரெண்டு டீ. என் வேலைக்கு இனிமே நீதானேன்னு நேராவே கேட்டுட்டேன். அவன் மூஞ்சி சின்னதாயிடுச்சு. ஒரு மாசமா அவன எப்படியெல்லாம் நெனச்சேன்! அவன் சொன்னது இதான்: "எனக்கு வாலாஜாபாத் பக்கம் காலேஜ் பஸ்ஸு போன மாசமே முடிவாயிடுச்சுண்ணே. உங்களுக்கும் எங்க நைனா மாதிரி எல்லாத்துலயும் சந்தேகம், அதான் பிடிச்சுப் போச்சு."

மேனேஜர் ரூம்ல

வெள்ளிக்கெழம போய் மேனேஜர் கிட்ட உண்மைய சொன்னேன். பெயிலான ஆளு எனக்கு எதுக்குன்னு அவரு போன எடுத்து வேற டிரைவருக்கு அடிக்கப் போனாரு. நான் எழுந்துட்டேன். வூட்ல இன்னா சொல்றதுன்னு ஒண்ணும் ஓடல, கண்ணு ரெண்டும் கலங்கிடுச்சு. அப்ப ஸ்டெல்லாம்மா கேக்காமலே உள்ள வந்தாங்க. என்னப் பத்தி கோள் சொல்லத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன். என் பக்கம் திரும்பக் கூட இல்ல. மேனேஜரப் பாத்து சொன்னாங்க: "சார், பதினோரு வருசமா இந்த பஸ்ஸுல நிக்கிறேன். பாஸான டிரைவருங்க எல்லாம் கண்ணாடியப் பாத்துட்டு எடுத்துடுவாங்க. நான்தான் அடிச்சிப் புடிச்சி ஓடி புள்ளைங்கள இழுப்பேன். எறங்கிப் போய் சக்கரத்துக்கு அடியில பாத்த மொத ஆளு இவருதான். ஒரு வாரம் பொறுங்க, எனக்கு இவருதான் வேணும்."

மேனேஜரு போன வச்சிட்டாரு. அடுத்த தரம் சீட்ட விட்டு எறங்காம, ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்திப் பாத்து, சட்டை நனைய நனைய ரிவர்ஸ் எடுத்து பாஸாயிட்டேன்.

சந்தேகப்பட்டதால பெயிலானேன், அதே சந்தேகத்தாலதான் வேலையும் கெடச்சுது. ஆக மொத்தம் நான் சந்தேகப்படறது நல்லதா கெட்டதான்னு கேட்டா, அது ஒண்ணுலதான் எனக்கு இன்னும் சந்தேகம் கீது.