பனியாற்றுக்குப் பேர் வைத்த நாள்

இவலு தைத்த காலணியோடு நாள் முழுக்க கடல்நீரில் நின்றாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அதனால்தான் வடக்கே புது நிலம் தேடி வந்த வெள்ளைக்காரக் கேப்டன், நாய்வண்டி ஓட்ட அவள் புருஷன் அவதாக்கை அமர்த்தியபோது அவளையும் சேர்த்துக்கொண்டான். கேப்டனுக்கு ஊரார் வைத்த பேர் செந்தாடி.

பதினோராம் நாள், இரண்டு கறுத்த மலைகளுக்கு நடுவே பனியாறு தெரிந்தது. அவதாக் நாய்களை நிறுத்தினான்.

"இதுல ஏறக் கூடாதுங்க. மேலதான் பனி மூடியிருக்கு, அடியில வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. நாங்க இதை 'விழுங்கி'ன்னு சொல்லுவோம்."

"உலகத்துலயே இதை மொதல்ல பாக்குறவன் நான்தான்," என்றான் செந்தாடி. அவர்கள் பேச்சு அவனுக்கு ஓரளவு வரும்.

"அப்ப நாங்க பாத்தது?" என்று இவலு சிரித்தாள்.

செந்தாடி அவதாக்கைப் பார்த்தான். "பயமா இருந்தா நீ உக்காந்து காலணி தை. வண்டியை அவ ஓட்டட்டும்."

ஓர் ஆம்பிளைக்கு அதைவிடக் கேவலமான சொல் அங்கே கிடையாது. அவதாக் சாட்டையைச் சொடுக்கினான்.

உச்சிப்பொழுதில் பனி உடைந்தது. வண்டி பிளவின் விளிம்பில் சிக்கி நின்றது; அவதாக் மூன்று கருவிப் பெட்டிகளோடு கீழே ஒரு பனித்திட்டில் போய் விழுந்தான்.

"கயித்தைப் போடுங்க! கால்தான் ஒடிஞ்சிருக்கு, கை நல்லாருக்கு!"

கயிறு இறங்கியது. "மொதல்ல பெட்டியைக் கட்டு," என்று செந்தாடி கத்தினான்.

ஒரு பெட்டி வந்தது. இரண்டாவதும் வந்தது.

"இப்ப நான் வரட்டுங்களா?"

"இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

மூன்றாவது பெட்டி மேலே வந்து சேர்ந்தபோது திட்டு அவதாக்கோடு இடிந்து விழுந்தது. இவலுவுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. பதில் இல்லை.

மறுநாள் செந்தாடி கொடி நட்டு, வரைபடத்தில் பேர் எழுதினான். கப்பலுக்குச் செலவு செய்த முதலாளியின் ஆறு வயது மகளுடைய பேர்.

"அந்தப் புள்ள இங்க வந்திருக்கா?" என்று இவலு கேட்டாள்.

"இல்ல."

"என் புருஷன் இங்கதான் இருக்கான்."

"அவன் பேரு எங்க ஊர்ல ஒருத்தன் வாய்லயும் நுழையாது."

அன்று செந்தாடியின் காலணி கிழிந்திருந்தது. இவலு புதிது தைத்துக் கொடுத்தாள். ஊசி தோலின் பாதிக் கனத்தில் ஓட வேண்டும். முழுக்கத் துளைத்தால் நீர் கசியும். அவள் ஒவ்வொரு தையலையும் முழுக்கத் துளைத்தாள்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் உருகுநீர் காலணிக்குள் இறங்கி உறைந்தது. கப்பல் மருத்துவர் கால்விரல்களை வெட்டும்போது செந்தாடி அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டு அலறினான். "உன் மேல தப்பில்ல. தோல் மட்டம்," என்றான். அவள் கையை விடுவிக்கவில்லை. வெட்டி முடிக்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிற்காலத்தில் தைத்துக்கொண்டே, கூடத் தைக்கிறவளிடம் இதைச் சொல்லுவாள், குரலைத் தாழ்த்த மாட்டாள்.

"ஒம்பது வெரல் போச்சுடி. பத்தாவதை விட்டுட்டேனேங்கறதுதான் எனக்குக் கொறை."