செயின் இல்லாத சைக்கிளின் கேரியர்

பழைய வண்டிகளைச் சேர்க்கும் ஒருவர் போன மாதம் பெங்களூரிலிருந்து எங்கள் ஓசூர் வீட்டுக்கு வந்தார். செயின் இல்லாத சைக்கிள் ஒன்று இங்கே இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். தகரக் கொட்டகைக்குள் குனிந்து மிதிகட்டையைச் சுற்றினார். பின்சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது.

"எந்தக் கம்பெனி மேடம் இது? இங்கிலாந்தா?"

"எங்கப்பா கம்பெனி," என்றேன்.

அப்பா இங்கே ஒரு தொழிற்சாலையில் பல்சக்கரம் வெட்டும் மெஷினில் இருந்தார். பழைய இரும்புக் கடையில் பல்சக்கரங்களைப் பொறுக்கி வந்து, ஷிப்ட் முடிந்த மாலைகளில் அரத்தால் ராவுவார். செயினுக்குப் பதில் ஓர் இரும்புத் தண்டு, அதன் இரு நுனியிலும் பல்சக்கரம், எல்லாம் ஒரு குழாய்க்குள் அடக்கம். பின்சக்கரத்துக்கு இருபக்கமும் கம்பி வலை. "செயின் கவர் போட்டாப் போதாதா, இதுக்கு இம்மாங் கூத்தா?" என்று தெருவே கேலி செய்தது. அவர் பாட்டுக்கு ராவிக்கொண்டிருப்பார்.

பதில் எனக்குத் தெரியும். அப்பாவின் பழைய சைக்கிளில், சின்னப் பெண்ணாக முன்கம்பியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஜூஜுவாடியில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது செயின் கவர் கடகடவென்று அடித்தது. "இந்தச் சத்தத்தோட கல்யாண வூட்டுக்குப் போனா மானம் போவுது, அத்தக் கழட்டுங்க," என்றாள் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே கழற்றி வைத்தார். அம்மா கேரியரில் ஏறிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் அவளது பட்டுப்புடவையின் முந்தானை செயினில் சிக்கி, அவள் கீழே விழுந்தாள். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

புதுச் சைக்கிளின் கேரியரில் அப்பா ஒரு பையைக்கூட வைத்ததில்லை. எல்லாம் ஹேண்டில் பாரில்தான் தொங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். ஆயுத பூஜையன்று ஊரே ஹேண்டில் பாருக்கு மாலை போடும்; இவர் கேரியருக்குப் பொட்டிட்டு மல்லிகைச் சரம் வைப்பார். செயின் சத்தம் இல்லாததால் அவர் வருவதே தெரியாது, திரும்பினால் வாசலில் நிற்பார். அவர் செத்துப்போன பிறகும், சாயங்காலம் ஷிப்ட் சங்கு ஊதினால் என் கண் வாசலுக்குப் போகிறது. பைத்தியம்தான், என்ன செய்ய.

வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கேரியர் மட்டும் கழட்டிட்டா அசல் ஆன்டிக் மாதிரியே இருக்கும் மேடம். வேற எதையும் தொடமாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்தக் கேரியருக்காகத்தான்யா சைக்கிளே செஞ்சாரு. நீங்க கெளம்புங்க."

அவர் போனபிறகு, ஸ்டாண்டில் நின்ற சைக்கிளின் கேரியரில் முதன்முறையாக உட்கார்ந்தேன். அம்மா மாதிரியே ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டேன். முந்தானை எனக்குப் பின்னால், செயின் இருக்கவேண்டிய பக்கத்தில் சரிந்தது. காலை நீட்டி மிதிகட்டையைத் தள்ளினேன். சக்கரம் சுற்றியது. முந்தானை குழாய்மேல் சும்மா கிடந்தது. மறுபடி தள்ளினேன். எதிலும் சிக்கவில்லை. அந்தக் கொட்டகைக்குள் வாய்விட்டு அழுதேன்.

இந்தச் சைக்கிளில் ஏறியிருந்தால் அம்மா கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.