பிரேக் மாஸ்டரின் கால்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்களுக்கு அது ஆபத்து அவசரத்துக்கு. இவருக்குக் கால் வைக்கும் இடமே அதுதான். தெருமுனையில் ஒரு நாய் சோம்பல் முறித்தால் போதும், வண்டி நின்றுவிடும். நாய்க்கே அதிசயமாக இருக்கும். அவரிடம் படித்தவர்கள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, கண்ணாடியில் முட்டாமல் உட்காரக் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டிலும் அதே கால்தான். காலையில் வேலைக்குக் கிளம்பிப் பாதி வழியில் நின்று போன் செய்வார். கேஸை மூடியாச்சா? போனை எடுப்பது மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். "மூடியாச்சுப்பா, ஆனா வீட்டத்தான் காணோம்" என்பாள். அவர் சிரிக்கமாட்டார், மறுபடி ஒருமுறை கேட்பார். மனைவி வர நேரமானால் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்து தரையைத் தேய்ப்பார். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று டாக்டரிடம் போனபோது, இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

வாலுவுக்கு அப்பாவின் பயம் ஒரு விளையாட்டுச் சாமான். அவர் சாப்பாட்டு டப்பாவுக்குள் அவ்வப்போது ஒரு ரப்பர் பல்லியைப் படுக்க வைப்பாள். மதியம் மூடியைத் திறந்ததும் மாஸ்டர் நாற்காலியோடு பின்னால் போவார். ஆபீசே கூடிச் சிரிக்கும். சாயங்காலம் வந்து மூச்சு வாங்கத் திட்டுவார். திட்டி முடித்ததும் பல்லியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அவள் கையிலேயே கொடுப்பார்.

அந்த மழைக்காலத்தில் பயம் நின்றுபோனது. எப்போது என்று அவருக்கே தெரியாது. கரண்ட் போன பிறகும் மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றுமே, அப்படிச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிட்டது. காலை போன் வருவதில்லை. மனைவி இருட்டிய பிறகு வந்தாலும் பால்கனியில் ஆள் இல்லை, கட்டிலில் படுத்திருந்தார். பார்க்க வந்த மச்சான், மாமா இப்போதுதான் மனுஷனாகியிருக்கிறார் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனான். மனைவியும் ரொம்ப நாள் கழித்து அசந்து தூங்கினாள்.

அவருக்கு மட்டும் அது நிம்மதி மாதிரியே இல்லை. பல் தேய்ப்பது ஒரு வேலையாகிவிட்டது. சட்டைக்குப் பொத்தான் போடுவது அதைவிடப் பெரிய வேலை. கேஸ் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதற்கும் அலுப்பு.

பிறகுதான் அந்த வேன். பயிற்சிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு தையல்கார அம்மாள். ஓரமாக நின்ற வேனை நோக்கி நேராகப் போனாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதை அழுத்து என்று உள்ளேயிருந்து யாரும் சொல்லவில்லை. வேனின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த அம்மாளே அலறியடித்து மிதித்தாள். நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடம் மிஞ்சியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் இவரைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

"நீங்க பிரேக்கே போடல மாஸ்டர். என்னை நம்பி விட்டுட்டீங்க. என் வீட்டுக்காரர்கூட என்னை இப்படி நம்பினதில்ல."

மாஸ்டர் "ம்" என்றார்.

அவள் போய் முதலாளியிடம் புகழ்ந்து தள்ளிவிட்டாள். முதலாளிக்குக் குஷி. பிரேக் மாஸ்டரைக் கூல் மாஸ்டர் ஆக்கினார். அடுத்த வாரத்திலிருந்து நெடுஞ்சாலைப் பயிற்சிக்கு நீங்கள்தான் என்றார். லாரிகள் பறக்கிற சாலை அது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தெம்பு இல்லாததால் தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்று வாலு பல்லி வைத்திருந்தாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்தபோது, பாதிக்கு மேல் மிச்சமிருந்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அது அப்படியே கிடந்தது. கழுவவில்லை. திட்டும் இல்லை. கட்டிலருகே போய் நின்றாள்.

"பயமா இல்லியாப்பா?"

"ரப்பர்தானே."

"போன தடவையும் ரப்பர்தான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவிடம் சொன்னதற்கு, உனக்குப் பொழுதுபோக்குப் போய்விட்டதென்று வருத்தமா என்று பதில் வந்தது.

மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்க டாக்டரிடம் போன அன்று, யாரும் கூப்பிடாமலே வாலுவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். போன் தொல்லை இல்லை, ஆள் ரொம்ப அமைதி என்று மனைவி அடுக்கிக்கொண்டே போனாள். டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். பயம் இல்லை என்றார் மாஸ்டர். அது உண்மைதான். மிச்சத்தைச் சொல்ல நீளமாகப் பேச வேண்டும். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

மேஜைமேல் எதுவோ தொப்பென்று விழுந்தது. டாக்டர் நாற்காலியோடு சுவர்வரை போனார். மனைவி காலைத் தூக்கிக்கொண்டாள். பல்லி, பிரஸ்கிரிப்ஷன் தாளின்மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. மனைவி மகளின் காதைப் பிடித்துவிட்டாள்.

"நீங்க குதிச்சீங்க, அம்மாவும் குதிச்சாங்க" என்றாள் வாலு, காது முறுக்கப்பட்டபடியே. "அப்பாவப் பாருங்க. எல்லாரையும்விட உயரமா குதிக்கிற ஆளு அவரு. இப்போ கழுவிக்கூடத் தரமாட்டேங்கறாரு."

கடைசியில் குரல் உடைந்தது. மூன்று பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் பல்லியைப் பேப்பர் வெயிட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவை மூடினார். இந்தத் தடவை வேறு கேள்விகள். தூக்கம் எப்படி, பசிக்கிறதா, எதிலாவது ஆசை வருகிறதா, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் பதிலை எங்கிருந்தோ சுமந்துகொண்டு வருவதுபோல மாஸ்டர் சொன்னார். கடைசியில் வேனையும் சொன்னார். மனைவியின் கை மகளின் காதிலிருந்து தானாக இறங்கியது.

பதற்றமும் மனச்சோர்வும் பல பேரிடம் சேர்ந்தே இருக்கும் என்றார் டாக்டர். ஒன்று கத்திக்கொண்டிருக்கும்வரை இன்னொன்று உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. "உங்க பயம் குணமாகல. பயப்படவே உங்ககிட்ட தெம்பு தீர்ந்துபோச்சு." மாத்திரையைக் குறைக்கவில்லை, மாற்றினார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். அதுவரை பயிற்சி வண்டியில் ஏறக்கூடாது.

வராந்தாவில் நின்று மனைவியே முதலாளிக்குப் போன் போட்டாள். "அவருக்கு உடம்பு சரியில்ல. நெடுஞ்சாலைக்கு வரமாட்டார். இல்லீங்க, கூலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மழை விட்டு வெயில் வந்தது. மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்டவர்களிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்கூலில் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, வருகிற போன்களை எடுத்தார். வாலுவுக்குப் பள்ளி லீவான ஒரு நாள் மதியம் திடீரென்று நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. சந்தோஷமாக ஒன்றும் இல்லை. இது வேறா என்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தார்.

"கேஸ மூடியாச்சா?"

வீட்டைக் காணோம் என்ற பதிலுக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. போனைக் கீழே வைக்கும் சத்தம், சமையலறைக்குப் போய்த் திரும்புகிற செருப்புச் சத்தம்.

"மூடியிருக்குப்பா. கையால தொட்டுப் பார்த்துட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வீடு இருக்கா?"



"இருக்கு" என்றாள் வாலு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.