மான் புழுக்கையும் ஒரு கைநாட்டும்

காலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறினோம், நானும் மருமகள் வசந்தியும். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். ஆகவே அவளைப் பற்றிய குறையை அவள் கையாலேயே எழுதியாக வேண்டும்.

குறை இதுதான். வசந்தி காட்டு மான்களை ஆராய்கிறாள். மணப்பாறைக்கு அப்பால் நாலுவழிச் சாலையின் இரு புறமும் இரண்டு கரடுகள், புதர் மண்டிய சின்னக் குன்றுகள். இரண்டிலும் புள்ளிமான் உண்டு. சாலை வந்த பிறகும் அவை ஒன்றோடொன்று கலக்கின்றனவா என்பது புழுக்கையைச் சோதித்தால் தெரியுமாம், யார் பிள்ளை யார் என்பதுவரை. மழைத்தண்ணீர் போகச் சாலைக்கு அடியில் ஒரு சின்னப் பாலம். அதைக் கம்பி வைத்து அடைக்கப் போகிறார்கள். மான் அந்த வழியாகப் போகிறது என்று காட்டினால்தான் நிறுத்த முடியும். போன மாதம் இவள் பொறுக்கிக் கொடுத்த பன்னிரண்டு குப்பியும் ஆட்டுப் புழுக்கை என்று திரும்பி வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்தவள் வீட்டிலேயே இருக்கிறேன். முதலிலேயே கேட்டாளா?

ஆறே கால். பஞ்சப்பூரில் மணப்பாறை பஸ் பிடித்தோம். பேருந்து நிலையத்தை எவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்குள் நடந்தே மணப்பாறைக்குப் பாதி தூரம் போய்விடலாம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டேன்.

“கலக்கலேன்னாதான் என்னவாம்?”

“உள்ளுக்குள்ளயே சேர்ந்து சேர்ந்து குட்டியெல்லாம் நோஞ்சானாயிடும் அத்தை. ஒரு நோய் வந்தா மொத்தமா போயிடும்.”

இதற்கா இவ்வளவு படிப்பு? எங்கள் அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாயைச் சந்தையில் மாற்றிவிடுவார். அதே அப்பா எனக்கு மட்டும் தாய்மாமனைப் பேசி முடித்தார். “கிடாய்க்கு உள்ள நியாயம் எனக்கில்லையா?” என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, ஆறு தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டேன்.

மணப்பாறையிலிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். எட்டு மணிக்குப் பாலத்தடியில் நின்றோம். கம்பிக் கதவு வந்து சாய்ந்திருந்தது. பக்கத்தில் சாலை வேலை மேற்பார்வைக்காரர். மான் போகிற வழி, அடைக்காதீர்கள் என்றேன்.

“இங்க ஏது மான் ஆயா? எல்லாம் ஆடுங்க. மாடு உள்ள பூந்து ரோட்டுக்கு ஏறுதுன்னு அடைக்கச் சொல்லிருக்காங்க.”

குனிந்து உள்ளே போனேன். நடுப் பாலத்திலேயே கிடைத்தது. அள்ளி வந்தேன்.

“கைய நீட்டுங்க தம்பி.” நீட்டினார். வைத்தேன்.

“ஐயே!”

“வெளியில கெடக்குது பாருங்க, அது ஆடு. உருண்டையா இருக்கும். கையில இருக்கறது மான். ஒரு முனை கூரு, மறு முனை குழி. இருட்டுக்குள்ள ஆடு தனியா போகுமா? ஆடு மேய்க்கறவங்களைக் கேட்டுப் பாருங்க.”

வசந்தி கையுறையோடு ஓடிவந்தாள். “தொடாதீங்க அத்தை! உங்க அடையாளமும் அதுல ஒட்டிக்கும்!”

“அப்ப நானும் மானுக்குச் சொந்தம்னு வந்துடுமா? வரட்டுமே!”

மேற்பார்வைக்காரர் சிரித்தார், ஆனாலும் கதவை விடவில்லை. “அடைக்காம போனா என்னைத் திட்டுவாங்க ஆயா.”

“ஒரு கெழவி விடலேன்னு எழுதுங்க. கைநாட்டு வைக்கிறேன்.”

வசந்தி மனுவாகவே எழுதினாள். குப்பியில் எண் போடும் பேனாவைக் கட்டைவிரலில் தேய்த்து அழுத்தினேன். அவர் யாரிடமோ போனில் பேசிவிட்டு, சோதனை முடிவு வரும்வரை கதவு சாய்ந்தே இருக்கும் என்றார். பாலத்துக்குள்ளும் இரண்டு கரட்டடியிலும் பொறுக்கினோம். நான் காட்ட, அவள் எடுக்க, இருபது குப்பி.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து அம்மா குப்பிகளையே பார்த்தார். “மூட்டுவலி மாத்திரைங்களா? எங்க வாங்குனீங்க?”

“விக்கறதில்லைங்க,” என்றேன். வசந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் காவிரிப் பாலம். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். இந்தப் பாலத்தை மராமத்துக்கு மூடியபோது, சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று ஊரே புலம்பியது. பாலமே இல்லாதிருந்தால் நான் அந்தத் தாய்மாமனுக்குத்தான் சமைத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் வசந்தி சோப்பை நீட்டினாள். “விரல் மையைக் கழுவுங்க அத்தை.”

“இருக்கட்டும். மறுபடி கம்பியத் தூக்கிட்டு வந்தாங்கன்னா வேணும்.”